பழைய மாருதி 800-ல ரேடியேட்டரை வீட்டுலயே மாத்துறது: முழு வரிசை, காரணத்தோட

மாருதி 800 வச்சிருக்கீங்க, சூடு முள்ளு மேல ஏறுது, இல்ல காலையில வண்டிக்கு அடியில பச்சையா தண்ணி தேங்கி நிக்குது, மெக்கானிக் ரேடியேட்டர் போச்சுன்னு சொல்லிட்டாரு. அந்த நிலைமையில இருக்கவங்களுக்குத்தான் இது. ஜென், பழைய ஆல்ட்டோ மாதிரி வண்டிங்களுக்கும் வேலை வரிசை இதேதான், போல்ட் இருக்கற இடம் மட்டும் மாறும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். ரேடியேட்டரைக் கழட்டி மாட்டுறது இதுல சுலபமான பாகம், அதை ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் பண்ணிடலாம். புதுசா செய்றவங்க தடுமாறுறது கழட்டறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதைப் பார்க்காம விடறதுலயும், மாட்டினப்புறம் உள்ள இருக்கற காத்தை வெளிய எடுக்காம வண்டியை ரோட்டுக்கு எடுத்துட்டுப் போறதுலயும்தான். இன்ஜின் போறதும் அங்கதான். அதனால அந்த ரெண்டு இடத்துலயும் நிதானமா நின்னு எழுதியிருக்கேன், அதைத் தாண்டிப் படிச்சிடாதீங்க.

1. முதல்ல தப்பு ரேடியேட்டர் மேலதானான்னு பாருங்க

வண்டி எப்போ சூடாகுதுங்கறதைக் கவனிங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. சிக்னல்லயும் டிராஃபிக்லயும் சூடாகி, பைபாஸ்ல ஓட்டினா முள்ளு கீழ இறங்குதுன்னா ரேடியேட்டரை விட ஃபேன் மேலதான் சந்தேகப்படணும், ஏன்னா ஓடுற வண்டிக்கு காத்து தானா வரும், நிக்கற வண்டிக்கு ஃபேன்தான் காத்து தரணும். அதுக்கு நேர்மாறா டிராஃபிக்ல ஒழுங்கா இருந்துட்டு 70, 80-ல போகும்போதும் மேடு ஏறும்போதும் சூடாகுதுன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபேன் சந்தேகம்னா அதோட ஸ்விட்ச் (சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட விடறது) சாக்கெட்டைக் கழட்டி, ரெண்டு பின் இருக்கற சாக்கெட்டா இருந்தா சின்ன வயர் துண்டால ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு சாவியை ஆன் பண்ணுங்க. கையும் துணியும் ஃபேன் பக்கம் போகவே கூடாது. ஃபேன் ஓடுச்சுன்னா ஸ்விட்ச்தான் போயிருக்கு. ஓடலைன்னா ஃப்யூஸ், ரிலே, மோட்டார்னு அந்த வரிசையில பாருங்க. இந்த மாதிரி சின்ன ஸ்விட்சுக்காக நல்லா இருந்த ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டவங்க நிறைய பேர்.

அடுத்தது ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்பு. ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய் வரைக்கும் தண்ணி ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க. ஆரம்பத்துல ரெண்டு மூணு குமிழ் வர்றது சாதாரணம். ஆனா விடாம வந்துட்டே இருந்தா, இல்ல ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது தண்ணி எகிறி வெளிய அடிச்சா, எரிஞ்ச காத்து கூலன்டுக்குள்ள (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணிக்குள்ள) வருதுன்னு அர்த்தம். இன்ஜின் ஆயில் மூடியோட அடிப்பக்கமும் பாருங்க, வெண்ணெய் மாதிரி வெள்ளையா கொழகொழன்னு ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா புது ரேடியேட்டர் வாங்காதீங்க, முதல்ல ஹெட்டைப் பார்க்கணும்.

ரேடியேட்டரேதான் போயிருக்குன்னா அது கண்ணுக்கே தெரியும். செம்பு, பித்தளையில வந்த பழைய ரேடியேட்டர்ல சாலிடர் வச்ச இடத்துல பச்சைப் பொருக்கு கட்டியிருக்கும். அலுமினியம் கோர் (நடுவுல இருக்கற வலைப்பலகை), பிளாஸ்டிக் டேங்க் வச்சதுல டேங்க்கும் கோரும் சேர்ற மடிப்புல ஈரமோ வெள்ளைக் கறையோ இருக்கும். கோர்ல இருக்கற மெல்லிசான தகடான ஃபின்னை விரலால லேசா தேய்ச்சாலே பொடிப்பொடியா உதிர்ந்தா அது சூட்டை வெளிய தள்ளாது, ஒழுகலைன்னாலும் மாத்தத்தான் வேணும்.

வாட்டர் பம்ப்பையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. பம்ப் அடியில கறையோ சொட்டோ இருந்தா இதோடவே அதையும் மாத்திடறது நல்லது, இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள்ல இதே கூலன்டை மறுபடியும் கீழ இறக்க வேண்டி வரும்.

2. வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பழைய ரேடியேட்டரைக் கழட்டிப் போட்டுட்டு கடைக்கு ஓடற வேலை வேண்டாம். வண்டி அந்த நேரத்துல நகராது, ஞாயித்துக்கிழமையா இருந்தா கடையும் திறந்திருக்காது.

ரேடியேட்டர் வாங்கும்போது மாடல் வருஷம், ஏசி வண்டியா ஏசி இல்லாததா, கார்புரேட்டரா இல்ல 2000-ல இருந்து வந்த எம்பிஎஃப்ஐயா (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சற வகை), இந்த மூணையும் சொல்லிக் கேளுங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஃபேன் மாட்டுற ஓட்டை, பைப் வாய் இருக்கற பக்கம், ஸ்விட்ச் ஓட்டை எல்லாம் மாறலாம். ஆர்சி புக் போட்டோவும் உங்க ரேடியேட்டரை முன்னாடி, மேல இருந்து எடுத்த போட்டோவும் செல்போன்ல வச்சுக்கிட்டுப் போங்க. சென்னையில இருக்கறவங்களுக்குப் புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கு. ஆனா ரேடியேட்டரை மட்டும் பழசு வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன். உள்ள எவ்வளவு உப்பு படிஞ்சிருக்குன்னு வெளிய இருந்து பார்க்க முடியாது, வெளிய பெயின்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருப்பாங்க.

ரேடியேட்டரோட சேர்த்து டாப் ஹோஸ், பாட்டம் ஹோஸ் (மேலயும் கீழயும் மாட்டற ரப்பர் குழாய்), நாலு கிளிப், புது ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கற வால்வ்), அதோட கேஸ்கெட், இதையெல்லாம் ஒரே தடவையில வாங்கிடுங்க. புது ரேடியேட்டர் போட்டதும் உள்ள அழுத்தம் ஒழுங்கா நிக்க ஆரம்பிக்கும், அது வரைக்கும் ஒழுகல் வழியா அழுத்தம் வெளிய போய்ட்டிருந்ததால தப்பிச்சிட்டு இருந்த பழைய ஹோஸ் அப்போதான் வெடிக்கும். இது அடிக்கடி நடக்குது, அப்புறம் புது ரேடியேட்டர் மேல பழி விழுது.

மூடியில 0.9, 1.1-னு நம்பர் இருக்கும், அது மூடி பிடிச்சு வைக்கற அழுத்தத்தோட அளவு. உங்க வண்டிக்கு என்ன நம்பரோ அதே நம்பர்தான் போடணும். அழுத்தம் ஏற ஏற தண்ணி கொதிக்கற டிகிரியும் ஏறும். 0.9 மூடி சரியா பிடிச்சா வெறும் தண்ணியே சுமார் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும், மூடி ரப்பர் போயிடுச்சுன்னா 100-லயே கொதிச்சு ரிசர்வ் டப்பா வழியா வெளிய போயிடும். பெரிய நம்பர் போட்டா இன்னும் நல்லதுன்னு நினைச்சு மாத்திடாதீங்க, பழைய ஹீட்டர் கோரும் (வண்டிக்குள்ள சூடு காத்து தர்ற பாகம்) ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கூலன்ட் ரெண்டு விதமா விக்கறாங்க. ஒண்ணு நேரா ஊத்தறது, இன்னொண்ணு தண்ணி கலக்கறது. டப்பாவைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க, நேரா ஊத்தறதுல மறுபடியும் தண்ணி கலந்துட்டா துரு பிடிக்காம தடுக்கற சரக்கு குறைஞ்சிடும். கலக்கறது வாங்கினா டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி பாதிக்குப் பாதி கலந்துக்கங்க. பேட்டரி கடையில கேட்கும்போது டிஸ்டில்ட் வாட்டர்னு தெளிவா சொல்லுங்க, பக்கத்துலயே ஆசிட் கேனும் இருக்கும். போர் தண்ணி வேண்டவே வேண்டாம். நம்ம ஊர்ல பனி உறையாது, கூலன்ட் எதுக்குன்னு கேக்கறாங்க. உறையறது நமக்குக் கவலை இல்லதான், ஆனா கொதிநிலையைத் தூக்கறதும் அலுமினிய ஹெட்டை அரிக்காம காக்கறதும் நமக்குத்தான் ரொம்பத் தேவை. போர் தண்ணியில இருக்கற உப்பு ரேடியேட்டர் டியூப்ல படிஞ்சு படிஞ்சுதான் அடைக்குது, நீங்க இப்போ மாத்தப் போற ரேடியேட்டரே அதுக்கு சாட்சியா இருக்கலாம்.

டூல்னு பார்த்தா 10 நம்பர், 12 நம்பர் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், ஹோஸ் அறுக்க பிளேடு, அகலமான பழைய டப், புனல், கெட்டி அட்டை, கந்தல் துணி. இவ்வளவுதான். வண்டிக்கு அடியில படுக்கற மாதிரி வந்தா ஸ்டாண்ட் இல்லாம வெறும் ஜாக்கை நம்பிப் படுக்காதீங்க.

3. நேரம், இடம், முதல் வேலை

காலையில எழுந்ததும் ஆரம்பிங்க, முந்தின நாள் ராத்திரியில இருந்து வண்டி எடுக்காம இருக்கணும். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா உள்ள 100 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணி அழுத்தம் விட்டதும் அந்த நொடியே ஆவியாகி முகத்துல அடிக்கும். துணி போட்டுத் திறந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. டாப் ஹோஸைக் கையால அமுக்கிப் பாருங்க, ஜில்லுன்னும் மெத்துன்னும் இருந்தா மட்டும் மூடி மேல கை வைங்க.

சமதளத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரத்துக்குக் கல் வைங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ் போற வழி, ஃபேன் வயர் போற வழி, கிளிப் திருகு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க. சாயங்காலம் மாட்டும்போது ஞாபகத்தை விட போட்டோதான் உதவும்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. ஃபேன் வெப்பத்தைப் பார்த்து ஓடற சமாச்சாரம், சில வண்டியில சாவி எடுத்தப்புறமும் ஓடும், வயரிங்ல யாராவது கை வச்ச வண்டின்னா எப்போ ஓடும்னு சொல்லவே முடியாது. விரல் அதுக்குள்ள இருக்கற நேரத்துல அது சுத்தக் கூடாது. மறந்துபோய்ப் பின்னாடி செய்யலாம்னு விடறவங்க அதிகம், அதனாலதான் இதை முதல் வேலையா வச்சிருக்கேன்.

4. கூலன்டை இறக்கறது

ஹீட்டர் இருக்கற வண்டியில லீவரை ஹாட் பக்கம் முழுக்கத் தள்ளுங்க, வால்வ் திறந்து ஹீட்டர் கோர்ல இருக்கறதும் சேர்ந்து இறங்கும். டப்பை அடியில வச்சு, ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டு அடியில இருக்கற டிரெய்ன் பிளக்கைத் திருப்புங்க. மேல மூடி திறக்காம விட்டா காத்து உள்ள போக வழியில்லாம சொட்டு சொட்டா வரும்.

பழைய பிளக் திரும்ப மாட்டேன்னு அடம் பிடிச்சா முறுக்காதீங்க, அது உள்ளயே உடைஞ்சா தண்ணி கண்ட பக்கமும் பீய்ச்சும். பாட்டம் ஹோஸ் கிளிப்பை லூஸ் பண்ணி ஹோஸை மெல்ல இழுத்தாலே மொத்தமும் வந்துடும், ஒரேயடியா கொட்டும்ங்கறதால டப் நேரா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க.

கீழ இறக்கின கூலன்டை உடனே மூடின கேன்ல ஊத்தி வைங்க. அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனா இனிப்பா இருக்கும். தெரு நாய், பூனை, கோழி எது வேணாலும் வந்து குடிச்சிடும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னியைக் கெடுத்து உயிரை எடுத்துடும். வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா டப்பைக் கண்ணு மறைவுல விடவே கூடாது. தரையில சிந்தினதை நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க, கேன்ல இருக்கறதைக் கிணறு, செடி, குளம் பக்கம் கொட்டாம சர்வீஸ் சென்டர்ல கொடுத்திடுங்க.

5. ஹோஸும் ஃபேனும்

கிளிப்பை முழுக்க லூஸ் பண்ணி ஹோஸ் மேலயே பின்னாடி தள்ளிட்டு ஹோஸைக் கையால திருகுங்க. வரலைன்னா ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டு நெம்பற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. ரேடியேட்டர் பக்கம் நெம்பினா பரவாயில்ல, அது எப்படியும் போகப் போறது. இன்ஜின் பக்கம் தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம், அதுல கீறல் விழுந்தாலோ விரிசல் விட்டாலோ புது ஹோஸ் போட்டும் ஒழுகும். புது ஹோஸ் கையில இருக்கும்போது எதுக்குப் போராடணும், பழசை நீளவாக்குல பிளேடால ஒரு கோடு கிழிச்சுப் பிரிச்சு எடுத்துடுங்க. பிளேடை ரப்பரோட நிறுத்திக்கங்க, உள்ள இருக்கற உலோகம் வரைக்கும் அழுத்த வேண்டாம்.

ரிசர்வ் டப்பாவுக்குப் போற சின்ன டியூபையும் கழட்டுங்க. அது காய்ஞ்சு வெடிச்சிருந்தா ஒரு அடி டியூப் வாங்கி மாத்திடுங்க. ஆறும்போது டப்பாவுல இருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்சறது இந்த டியூப் வழியாத்தான், இதுல ஓட்டை இருந்தா காத்துதான் உள்ள போகும், ஒழுகல் எதுவும் இல்லாமலே ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுட்டே வரும்.

ஃபேன் சாக்கெட்டுல லாக் இருக்கும், அதை அமுக்கிப் பிடிச்சுட்டு சாக்கெட்டைப் பிடிச்சு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. வருஷக்கணக்கா சூட்டுல இருந்த பிளாஸ்டிக், லாக் உடைஞ்சா அதோட போகாது, பின்னாடி ஓடும்போது சாக்கெட் தானா கழண்டு ஃபேன் நிக்கும். அப்படி உடைஞ்சுபோனா டேப் சுத்தி விட்டுடாம புது சாக்கெட் போடுங்க.

6. வெளிய தூக்கறது

ஃபேன் கூட்டைக் கோரோட பிடிச்சிருக்கற சின்ன போல்ட்டுங்களைக் கழட்டி ஃபேனைத் தனியா எடுங்க, இடம் பத்தலைன்னா ரெண்டையும் சேர்த்தே தூக்கிக்கலாம். எந்த போல்ட் எங்க இருந்து வந்ததுன்னு ஒரு அட்டையில படம் வரைஞ்சு அதுலயே குத்தி வைங்க. இது ஏன் முக்கியம்னு எட்டாவதுல சொல்றேன்.

ரேடியேட்டரைப் பாடியோட பிடிச்சிருக்கற போல்ட்டுல துரு இருந்தா முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு வச்சிடுங்க. வெல்ட் நட்டு உள்ளயே சுத்த ஆரம்பிச்சா அப்புறம் டிங்கர் கிட்டதான் போகணும்.

ஏசி வண்டியா இருந்தா முன்னாடி இன்னொரு வலைப்பலகை நிக்கும், அது ஏசியோட கண்டென்சர். அதோட பைப்பு எதையும் லூஸ் பண்ணாதீங்க, உள்ள கேஸ் அழுத்தத்துல இருக்கு, கண்ணுல பட்டா பார்வையே போகலாம். கண்டென்சர் ரேடியேட்டரைப் பிடிச்சு நின்னா அதோட பிராக்கெட்டை மட்டும் விடுவிச்சு, கயிறு போட்டு முன் கிராஸ் மெம்பர்ல (முன்பக்கக் குறுக்குச் சட்டத்துல) கட்டி நிறுத்துங்க. தொங்க விட்டா பைப் மடங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல அட்டையை விடுங்க, ரேடியேட்டர் மேல வரும்போது கண்டென்சர் ஃபின்னைக் கீறாம இருக்கும்.

தூக்கும்போது நேரா மேல தூக்குங்க. அடியில ரெண்டு ரப்பர் புஷ் இருக்கும், ஒண்ணு பழைய ரேடியேட்டரோட ஒட்டிக்கிட்டே மேல வந்துடும், அதை எடுத்து வைக்க மறந்து பழசோட காயலான் கடைக்கு அனுப்பிடறாங்க. புஷ் இல்லாம உட்கார வச்சா ரோட்டு அதிர்ச்சி அத்தனையும் டேங்க் மடிப்புக்குப் போகும், புது ரேடியேட்டரும் சீக்கிரம் ஒழுகும். செம்பு, பித்தளை ரேடியேட்டரா இருந்தா காயலான் கடையில நல்ல விலை போகும், சும்மா கொடுத்துடாதீங்க.

7. ரேடியேட்டர் வெளிய இருக்கும்போது இன்ஜினைக் கழுவுங்க

இதை விட்டுட்டா உள்ள இருக்கற துருச்சேறு எல்லாம் ஒரே வாரத்துல புது ரேடியேட்டருக்குள்ள போய் உட்காரும். டாப் ஹோஸ் மாட்டற இடத்துல இருக்கற தெர்மோஸ்டாட் மூடியைக் கழட்டி, தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு, அந்த வழியா தோட்டத்து ஹோஸ் பைப்பால தண்ணி விடுங்க. பாட்டம் ஹோஸ் பக்கம் முதல்ல காப்பி நிறத்துல வரும், அப்புறம் மஞ்சளா, தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும், சூடான ஹெட்டுல குளிர்ந்த தண்ணி பட்டா வளைஞ்சிடும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மேல பாலித்தீன் கவர் சுத்திக்கங்க. பைப் தண்ணியில கழுவினா கடைசியா ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி அலசி விடுங்க.

இப்போ தெர்மோஸ்டாட் பத்தி. நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேணாம்னு கழட்டிப் போட்டுடறது பல ஒர்க்‌ஷாப்ல பழக்கமா போச்சு. உங்க வண்டியில மூடியைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கலாம், அப்படின்னா கண்டிப்பா புதுசு போடுங்க. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில்ல ஈரம் தங்கி சேறாகும். எம்பிஎஃப்ஐ வண்டின்னா இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துட்டே இருக்கும். தெர்மோஸ்டாட் மாட்டினா வண்டி சூடாகுதுன்னா அடைப்பு வேற எங்கயோ இருக்கு, அதைத்தான் தேடணும்.

புது தெர்மோஸ்டாட்டையும் மாட்டறதுக்கு முன்னாடி பாத்திரத்துல தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு அடுப்புல காய்ச்சிப் பாருங்க. அது மேல 82, 88-னு நம்பர் இருக்கும், அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல வாய் திறக்க ஆரம்பிச்சு, தண்ணி தளதளன்னு கொதிக்கறதுக்குள்ள நல்லா திறந்திருக்கணும். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும், சின்ன ஆணி மாதிரி ஆடற காத்து வால்வ் இருந்தா அது மேல் பக்கமா இருக்கணும், காத்து அந்த வழியாத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமா சுரண்டிட்டு புதுசு போட்டு ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க.

8. புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சுப் பாருங்க

துணி விரிச்சு ரெண்டையும் ஒரே பக்கமா படுக்க வைங்க. உயரம், பைப் வாய் அளவு, போல்ட் ஓட்டை, ஃபேன் ஓட்டை, அடியில இருக்கற கால், ஸ்விட்ச் ஓட்டை, ஓவர்ஃப்ளோ குழாய், ஒவ்வொண்ணா பாருங்க. ஏதாவது ஒண்ணு மாறியிருந்தா இப்போவே கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போங்க, கூலன்ட் ஊத்தினதை யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க.

புதுசோட பைப் வாயில பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும், தூசி போகாம கம்பெனியில வைக்கறது. அதை எடுக்காமலே ஹோஸ் மாட்டறவங்க இருக்காங்க, கறுப்பு வாயில கறுப்பு அடைப்பு சட்டுன்னு தெரியாது. எல்லா வாயிலயும் விரல் விட்டுப் பாருங்க. அப்புறம் உள்ள கொஞ்சம் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி ஆட்டிக் கொட்டுங்க, அலுமினியச் சீவல் ஏதாவது இருந்தா வந்துடும்.

ஃபேனைப் புதுசுல மாட்டும்போதுதான் அந்த அட்டையில குத்தி வச்ச போல்ட் வேணும். ஃபேன் போல்ட் சின்னது. அதோட இடத்துல அஞ்சு மில்லிமீட்டர் நீளமா ஒரு போல்ட்டைப் போட்டாலும் அது பிராக்கெட்டைத் தாண்டி நேரா கோர் டியூபைக் குத்தும். டைட் பண்ணும்போது கைக்குத் தெரியவே தெரியாது, தண்ணி ஊத்தினப்புறம்தான் தெரியும். அதனால போல்ட்டை முழுசா இறக்கறதுக்கு முன்னாடி பின்னாடி எட்டிப் பார்த்து, நுனிக்கும் கோருக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க. ஸ்விட்ச் மாத்தினா அதோட வாஷர் புதுசு போடுங்க. பிளாஸ்டிக் டேங்க்ல ஸ்விட்சை அளவா இறுக்கினா போதும், வாஷர்தான் அடைக்குது, பலம் இல்ல.

9. உள்ள இறக்கி மாட்டறது

ரப்பர் புஷ்ஷை முதல்ல அதோட இடத்துல வைங்க, அட்டையைக் கோர் ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டு ரேடியேட்டரை நேரா இறக்குங்க. கால் ரெண்டும் புஷ்ஷுல உட்கார்ந்ததைக் கையால ஆட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். போல்ட் எல்லாத்தையும் கையாலயே நாலு சுத்து இறக்கி விட்டுட்டு, ஃபேன் பிளேடைக் கையால சுத்திப் பாருங்க. எங்கயும் உரசாம சுத்தினா மட்டும் டைட் பண்ணுங்க. ஒரு போல்ட்டை முதல்லயே முழுக்க இறுக்கிட்டா அடுத்த ஓட்டை நேரா வராது, அப்போ முறுக்கி இழுத்து மாட்டற அழுத்தம் கோருக்குத்தான் போகும்.

ஹோஸ் மாட்டறதுக்கு முன்னாடியே கிளிப்பை ஹோஸ்ல நுழைச்சிடுங்க. பைப் வாயில ஒரு மேடு வளையம் இருக்கும், ஹோஸ் அதைத் தாண்டி உள்ள போகணும், கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னாடி உட்காரணும். வளையத்து மேலயே கிளிப் உட்கார்ந்தா இறுக்கின மாதிரியே தெரியும், சூடானதும் வழுக்கி வந்துடும். ஹோஸ் ஏறலைன்னா கொஞ்சம் கூலன்டைத் தடவுங்க. கிரீஸ், ஆயில் தடவாதீங்க, ரப்பர் ஊறி இளகிடும்.

எவ்வளவு இறுக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க. கிளிப்புக்கு அடியில ரப்பர் லேசா பிதுங்கினா போதும், கையால ஹோஸைத் திருகினா நகரக் கூடாது. அதுக்கு மேல இறுக்கினா கிளிப் ரப்பரை வெட்டும், பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும். கிளிப் திருகு பின்னாடி எட்டற மாதிரி பார்த்து வைங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் இறுக்க வேண்டி வரும். ஹோஸ் பெல்ட்டையோ ஃபேன் கூட்டையோ தொடாம இருக்கான்னு போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க. கடைசியா ஃபேன் சாக்கெட், ஸ்விட்ச் சாக்கெட், அதுக்கப்புறம்தான் பேட்டரி.

10. கூலன்ட் ஊத்தறதும் காத்து எடுக்கறதும்

அவசரமே படக் கூடாத இடம் இது. ஊத்தினதும் வாய் வரைக்கும் நிறைஞ்சிடுச்சுன்னு மூடியை மூடிட்டுக் கிளம்பறாங்க. தெர்மோஸ்டாட் மூடியிருக்கு, அதுக்குப் பின்னாடி இன்ஜினுக்குள்ள காத்து அடைஞ்சு நிக்குது, நீங்க பார்க்கற நிறைவு ரேடியேட்டரோட நிறைவு மட்டும்தான். காத்து நிக்கற இடத்துல ஹெட் தனியா சூடாகும். அதை விட மோசம் என்னன்னா, சூடு காட்டற சென்சார் அந்தக் காத்துக்குள்ள மாட்டிக்கிட்டா முள்ளு நடுவுலயே நிக்கும், ஹெட் வளையற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

முடிஞ்சா வண்டியோட மூக்கு கொஞ்சம் மேல இருக்கற மாதிரி சரிவுல நிறுத்துங்க, காத்து மேல்நோக்கித்தான் போகும், ரேடியேட்டர் வாய் உயரத்துல இருந்தா அங்க வந்து சேரும். ஹீட்டர் லீவர் ஹாட்லயே இருக்கட்டும். புனல் வச்சு மெல்லிசா ஊத்துங்க, வேகமா ஊத்தினா நுரைச்சு காத்தை நீங்களே உள்ள அனுப்பறீங்க. நடுநடுவுல நிறுத்தி டாப் ஹோஸைப் பிழிஞ்சு பிழிஞ்சு விடுங்க, குளுக்னு சத்தத்தோட குமிழ் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊத்துங்க.

இதுக்கு மேல குமிழ் வரலைன்னா மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க. ஏசி போடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க, முகத்தை வாய்க்கு நேரா கொண்டுபோகாதீங்க. முதல்ல டாப் ஹோஸ் ஜில்லுன்னே இருக்கும். அப்புறம் ஒரு கட்டத்துல சட்டுன்னு சூடாகும், தெர்மோஸ்டாட் திறந்துடுச்சு, அந்த நேரத்துல வாயில தண்ணி மட்டம் விறுவிறுன்னு கீழ போகும், உடனே ஊத்தி நிரப்புங்க. ஹோஸ் சூடாகாமலே முள்ளு ஏறிட்டே போனா உடனே ஆஃப் பண்ணுங்க, தெர்மோஸ்டாட் திறக்கல, இல்ல பெரிய காத்துக் கட்டி நிக்குது. முழுக்க ஆற விட்டு மறுபடியும் முதல்ல இருந்து பண்ணுங்க.

குமிழ் அடங்கி மட்டம் நிலையா நின்னதும் மூடியைப் போட்டு, பக்கத்துலயே நின்னு ஃபேன் வர்ற வரைக்கும் ஓட விடுங்க. ஃபேன் வந்து, நின்னு, மறுபடி ஒரு தடவை வந்து நிக்கணும். அப்போதான் ஸ்விட்சும் சரி, தண்ணி சுத்தறதும் சரி. உள்ள ஹீட்டரைப் போட்டுப் பாருங்க, நல்லா சூடு காத்து வரணும். இன்ஜின் சூடா இருக்கும்போது ஹீட்டர்ல ஜில்லுன்னு வந்தா ஹீட்டர் கோர்ல இன்னும் காத்து இருக்கு. அந்த நேரத்துலயே டார்ச் அடிச்சு ஒவ்வொரு கிளிப், டேங்க் மடிப்பு, டிரெய்ன் பிளக் எல்லாத்தையும் பாருங்க, சூடா அழுத்தத்தோட இருக்கும்போது பல ஒழுகல் நல்லா தெரியும். ரிசர்வ் டப்பாவுல லோவுக்கும் ஃபுல்லுக்கும் நடுவுல வரைக்கும் ஊத்தி வைங்க, வழிய வழிய ஊத்தாதீங்க.

11. அடுத்த நாளும் அந்த வாரமும்

முழுக்க ஆறின மறுநாள் காலையில மூடியைத் திறந்து பாருங்க, மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தா ஊத்துங்க, அது மிச்சக் காத்து வெளிய வந்த கணக்கு. டப்பாவுலயும் கொஞ்சம் குறைஞ்சிருக்கணும், அப்படின்னா மூடி உறிஞ்சற வேலையைச் சரியா செய்யுதுன்னு அர்த்தம். டாப் ஹோஸ் காலையில சப்பிப்போய் ஒட்டியிருந்தா மூடியோட நடு வால்வ் திறக்கல, இல்ல டப்பா டியூப் அடைச்சிருக்கு.

ரெண்டு மூணு நாள் ஊருக்குள்ளயே ஓட்டுங்க, வெளியூர் எடுத்துட்டுப் போகாதீங்க. புது ரப்பர் ஒரு தடவை சூடாகி அமைஞ்சதும் கிளிப் லேசா தளரும், ஆறின இன்ஜின்ல மறுபடியும் ஒரு தடவை இறுக்கிடுங்க. ராத்திரி நிறுத்தற இடத்துல அட்டை போட்டு வச்சா சொட்டு விழுந்தா காலையில தெரியும், எந்த இடத்துக்கு நேரா விழுந்திருக்குன்னும் தெரியும்.

ஓட்டும்போது முள்ளு மேல போச்சுன்னா ஏசியை நிறுத்தி, ஹீட்டரை ஹாட்ல ஃபுல்லா போட்டுட்டு ஓரம் கட்டுங்க, ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை இழுத்துக்கும். ஓரம் கட்டினதும் ஆஃப் பண்ணிட்டு பானட்டைத் திறந்து வைங்க. மூடியைத் தொடாதீங்க, இன்ஜின் மேல தண்ணி அடிக்காதீங்க. ஹோஸ் மெத்துன்னு ஆகற வரைக்கும், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, காத்திருந்துட்டு அப்புறம் மட்டத்தைப் பாருங்க. இந்த வேலையை முடிச்ச பிறகு ஒரு மாசத்துக்கு வண்டி டிக்கியில ரெண்டு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு கிளிப்பும் இருக்கட்டும்.